ஊமைச் சபை தொடங்கின விதம்

றோஸ்மலருக்கும் பியற்றிசுக்கும் கதை பேச்சில்லை என்பது லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிற தமிழ்ச்சனம் அத்தனைக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு வீடு தேடிப்போய்ச் சொல்லவும் நாலு பேர் இருந்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கச்சியும். ஒரே கவுன்சில் வீடு, ஒரே அடுப்படி, ஒரே கக்கூஸ். அக்கா மேலே; தங்கச்சியும் அவள் புருசன் யாக்கோப்பும் கீழே. மூன்றரை வருசமாக ஒருத்தியோடு ஒருத்தி ஒரு சொல்லும் பேசவில்லை. யாராவது ஒருத்தி வேறு வீடு பார்த்துக்கொண்டு போகலாமே என்று கேட்பீர்கள். போனால் போனவள் தோற்றவள். இவளவையைப் பெற்ற மனுசி இரண்டு பேருக்கும் பிடிவாதத்தைத்தான் சீதனமாகக் கொடுத்திருந்தாள்.

விடியக்காலமை ஐந்து மணிக்கு அடுப்படியில் நடக்கிறதைப் பார்க்கவேணும். பியற்றிஸ் பாண் துண்டுகளுக்கு நடுவில் ரின் மீனும் சம்பலும் வைத்துச் சுற்றிக்கொண்டு நிற்பாள். யாக்கோப்பு தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நிற்பார். றோஸ்மலர் கம்பளிச் சட்டைக்கு மேலே இன்னொரு கம்பளிச் சட்டை போட்டபடி படியிறங்கி வருவாள். தங்கச்சி நிற்கிற இடத்தில் வெறும் காற்றுத்தான் நிற்கிறது மாதிரி யாக்கோப்பைப் பார்த்துச் சொல்லுவாள்.

"தம்பி யாக்கோப்பு, உப்புப் போத்திலைத் திறந்தபடி விட்டிருக்கிற ஆளிட்டைச் சொல்லும், உப்புக் கரைஞ்சு கிடக்குதெண்டு."

யாக்கோப்பு மனுசியின் பக்கம் திரும்புவார். "உப்புப் போத்திலாம்."

"நான் திறக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

"அவ திறக்கேல்லையாம், அக்கா."

"அப்ப தானாத் திறந்ததாக்கும். ஒளிச்சு மூடி வைக்கிறதில கெட்டிக்காரி எல்லோ, ஒரு போத்தில் மூட ஏலாதாமோ எண்டு கேளும்."

"நான் என்ன தபாற்கந்தோரோ?" என்று யாக்கோப்பு கோப்பையைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுவார். பாவம் மனுசன், பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து நிற்கிறவர்.

ஒளித்து வைத்தது என்ன என்று சொன்னால்தான் மிச்சம் விளங்கும். தொண்ணூறாம் ஆண்டு. ஊரில் சண்டை திரும்பத் தொடங்கி, தபாலும் இல்லை, ரெலிபோனும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஊர்க்காரர் சிவானந்தன் ஒரு காயிதம் கொண்டுவந்து பியற்றிசின் கையில் கொடுத்தார். அம்மா செத்துப்போனா என்று அதில் இருந்தது. அந்த நேரம் பார்த்து றோஸ்மலரின் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தார்கள். மண்டபம் எடுத்தாயிற்று, மாப்பிள்ளை பகுதி ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கியாயிற்று. செத்தவீட்டுச் செய்தி வெளியில் வந்தால் கலியாணம் நின்றுபோகும். நின்ற கலியாணம் திரும்ப நடக்கும் என்பதற்கு யார் பொறுப்பு? பியற்றிஸ் காயிதத்தை மெத்தைக்குக் கீழே வைத்தாள். கலியாணம் நடந்தது. றோஸ்மலர் கூறைச்சேலை மாதிரி ஒரு சிவப்புச் சேலை கட்டி, கேக் ஊட்டி, கடைசியில் பைலாவுக்கும் ஆடினாள்.

எல்லாம் முடிந்து சனம் போன பிறகு பியற்றிஸ் காயிதத்தை நீட்டினாள். றோஸ்மலர் அதைத் தொடவில்லை.

"அம்மா மண்ணுக்குள்ள கிடக்க என்னைப் பைலா ஆட விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனி," என்றாள். "உந்தக் காயிதத்தை நீயே வைச்சிரு. நான் வாசிக்கமாட்டன். அண்டைக்குத் திறக்காத வாய் இனி எனக்கு முன்னால திறக்கப்படாது."

அதுதான் கடைசிப் பேச்சு.

கதைக்காவிட்டாலும் வேலை ஒரே இடம். றெய்ன்ஹாம் பக்கம், லண்டன் முடிந்ததா முடியவில்லையா என்று சந்தேகமாக இருக்கிற இடத்தில், வெங்காயத்தாள் பயிர்செய்கிற ஒரு தோட்டம். யோகலிங்கம் அண்ணை வான் ஓட்டி ஆள் ஏற்றிக்கொண்டு போவார். றோஸ்மலர் முன்சீற், பியற்றிஸ் கடைசிச்சீற். தோட்டத்தில் ஆண்கள் ஈர மண்ணில் குனிந்து தாளைப் பிடுங்கிப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருவார்கள். தகரக் கொட்டிலுக்குள் பெண்கள் நின்று வெளித்தோலை உரித்து, வேரை வெட்டி, பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து ஒரு பிடியாக்கி, றப்பர் பாண்ட் போட்டுத் தண்ணித்தொட்டிக்குள் எறிவார்கள். அந்தத் தண்ணி இருக்கிறதே, தை மாதத்தில் கையை வைத்தால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கவேணும். தேம்ஸ் ஆற்றுப் பக்கத்துக் காற்று தகரத்தின் இடுக்கால் வந்து காதுக்குள் ஊசி போடும். வெங்காய நாற்றம் தலைமயிரில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் பக்கத்து வாங்கில் இருக்கிறவள் மூக்கைச் சுளிப்பாள். போகவும் முடியாது. திங்கள் சந்தைக்கு ஞாயிறுதான் கட்டவேணும்.

தோட்டக்காரி மிஸ் பெல். பெல் என்றால் மணி. ஆகவே எங்கள் சனம் அவளுக்கு மணியக்கா என்று பேர் வைத்துவிட்டது. அறுபது வயது, ஆம்பிளைக் காற்சட்டை, தகப்பனுடைய தொப்பி. குவேக்கர் வேதக்காரி. குவேக்கர் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஓட்ஸ் பெட்டியில் சிரித்துக்கொண்டிருக்கிற தொப்பிக்காரனைத் தவிர ஒன்றும் தெரியாது. பாதிரியார் இல்லை, பூசை இல்லை, பாட்டு இல்லை, ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பார்களாம், யாருக்காவது உள்ளே இருந்து சொல்லு வந்தால் எழும்பிச் சொல்லுவார்களாம். மணியக்கா போய்வந்த நாட்டுப்புறத்துச் சபையில் கிழடுகள் ஒவ்வொன்றாகச் செத்து அதை மூடிவிட்டார்கள். அதனால் ஞாயிறுகளில் அந்த மனுசி போக்கிடமில்லாமல் கொட்டிலைச் சுற்றித் திரிந்தாள்.

இனிச் சபை தொடங்கின கதை. தொண்ணூற்றோராம் ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிறு. வெளியில் பனியும் மழையும் கலந்து கொட்டியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்ற எல்லாரும் வானுக்குள் போய் ஹீற்றரைப் போட்டுக்கொண்டார்கள். ஓடுகிற வானில் வருவது வேறு, நிற்கிற வானுக்குள் பியற்றிசோடு இருந்து தான் சாப்பிடுவதில்லை, அவள் போகட்டும் என்று றோஸ்மலர் கொட்டிலில் இருந்தாள். அக்கா குளிருக்குள் இருக்கத் தான் போய்ச் சூடு காய்வதோ, அவ போகட்டும் என்று பியற்றிஸ் இருந்தாள். நீள மேசையின் அந்தத் தலையில் ஒருத்தி, இந்தத் தலையில் ஒருத்தி. முதலில் எழும்புகிறவள் தோற்றவள். பாணைக்கூடக் கடிக்காமல் அரை மணித்தியாலம் ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

மணியக்கா கத்தி எடுக்க உள்ளே வந்தாள். வந்தவள் நின்றாள். இரண்டு பெண்கள் மடியில் கைவைத்து, தலை குனிந்து, மூச்சும் கேட்காமல் இருக்கிறதைக் கண்டாள். தொப்பியைக் கழற்றினாள். மெல்ல நடுவில் ஒரு வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவளும் குந்தினாள். கொஞ்ச நேரத்தில் அந்த மனுசியின் கன்னத்தால் கண்ணீர் ஓடியது. முடிவில் எழும்பி, சபை முடிந்தால் அவர்கள் செய்கிற மாதிரி, இந்தப் பக்கம் வந்து பியற்றிசுக்குக் கைகொடுத்தாள், அந்தப் பக்கம் போய் றோஸ்மலருக்குக் கைகொடுத்தாள். இரண்டு பேரும் கணக்கு முடிக்கிறாளாக்கும், வேலையால் நிற்பாட்டப்போகிறாளாக்கும் என்று நடுங்கிப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் கொட்டிலுக்குள் மண்ணெண்ணெய் ஹீற்றர் எரிந்தது. மணியக்காவோடு இரண்டு வெள்ளைக்காரர் வந்து பெட்டிகளில் இருந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஐந்து பேர். கோடை வர ஒன்பது பேர். இடைவேளையை ஒரு மணித்தியாலமாக நீட்டினாள் மணியக்கா. மேசையின் இரண்டு தலையிலும் இரண்டு சகோதரிகள். எழும்புகிறவள் தோற்றவள் என்ற சட்டம் அப்படியே இருந்தது. அதனால் சபையும் நடந்தது.

பார்க்கிங் சும்மா இருக்குமா? வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்தில், "பூசையை விட்டிட்டு வெங்காயக் கொட்டிலுக்க ஊமைச் சபை நடத்துகினமாம்," என்று ஒருத்தி தொடங்கினாள். வீடு வீடாகச் சுற்றுகிற மாதா சுருவம் இவர்கள் வீட்டுக்கு வருகிற முறையை வெட்டிவிட்டார்கள். கோயில் வாசலில் பியற்றிஸ் "ஸ்தோத்திரம்" சொன்னால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார்கள். யாக்கோப்புக்குத்தான் பெரிய அவமானம்.

"இஞ்ச பார், மூண்டு கிழமையா ஒருத்தனும் என்னோட கதைக்கேல்லை," என்று சத்தம் போட்டார். "உனக்கு வீட்டில கதைக்காமல் இருக்கிறது காணாதெண்டு அங்க போயும் கதைக்காமல் இருக்கிறியோ? உது என்ன வேதம்? உன்ர தேப்பன் அறிஞ்சால் கயித்தில நாண்டுகொண்டு சாவார்."

"நான் வேதம் மாறேல்லை. சும்மாதான் இருக்கிறன்."

"சும்மா இருக்கிறதுக்கு ஏன் றெய்ன்ஹாம் போறாய்? இஞ்ச கதிரை இல்லையோ?"

பியற்றிஸ் என்னவென்று சொல்லுவாள்? வீட்டில், விடியக்காலமை குறை சொல்ல அடுப்படிக்கு இறங்குகிற நேரம் தவிர, இவள் வருகிற சத்தம் கேட்டால் அக்கா எழும்பிப் போய்விடுவாள். அந்தக் கொட்டிலில் மட்டும்தான் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் அக்கா இவளுக்கு முன்னால் இருந்தாள். அக்காவின் தலையில் நரை ஏறுகிறதை, விரல் மொளி வீங்குகிறதை, புதுக் கண்ணாடி போட்டதை எல்லாம் அங்கே இருந்துதான் பார்த்தாள். அதற்காக எந்த வேதத்திலும் இருக்க அவள் தயார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கிழமை முழுக்க அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் வெங்காயம் உரித்தாள்.

மணியக்காவோடு தண்ணித்தொட்டியடியில் நின்று வேலையிடத்தில் பொறுக்கின தன் அரைகுறை இங்கிலீசில் ஒருநாள் கேட்டாள்.

"உங்கட ஆக்கள் பொய் சொல்லுறேல்லையோ?"

"சொல்லுவோம்," என்றாள் மணியக்கா. "பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் அதோடு இருக்கவேண்டும். அது பெரிய கரைச்சல்."

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு தவக்காலத்தில், வான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோகலிங்கம் அண்ணைதான் செய்தியைச் சொன்னார்.

"என்ன பியற்றிஸ், அக்கா ரொறன்ரோவுக்குப் போறாவாம். மகளிட்டை. பாஸ்குத் திருநாள் முடிய பிளேனாம். உமக்குச் சொல்லேல்லையோ?" கேட்டுவிட்டுத் தானே நாக்கைக் கடித்தார். "ஓ, உங்களுக்குள்ளதான் கதை பேச்சு இல்லையே."

"திரும்பி வருவாவோ?"

"ஆர் திரும்பி வந்தவை? பேரப்பிள்ளை பாக்கப் போற சனம் அங்கையே அடக்கம்தான்."

பியற்றிஸ் அன்றைக்குக் கட்டின பிடிகளில் பாதி அவிழ்ந்து தொட்டிக்குள் மிதந்தன. வீட்டுக்கு வந்து, அக்கா அடுப்படிக்கு இறங்குகிற நேரம் பார்த்துக் கதவை மறித்து நின்றாள். "அக்கா," என்றாள். றோஸ்மலர் திரும்பிப் படியேறினாள். அன்றிரவு சாப்பிடவும் இறங்கவில்லை. அடுத்த நாள் யாக்கோப்பிடம் சொன்னாள்: "தம்பி, அடுப்படிக்குள்ள ஆரோ செத்தவீட்டுக் குரலில கூப்பிட்டினம். காலம் பிந்திப் போச்செண்டு சொல்லும்."

அடுத்த ஞாயிறு மழை. கொட்டிலுக்குள் பன்னிரண்டு பெட்டிகள் கவிழ்ந்திருந்தன. குவேக்கர்களின் மேற்சபையிலிருந்து மிஸ்டர் ஆஷ்பி என்று ஒரு கிழவர் வந்திருந்தார். மூன்று வருசம் நடந்த சபையை ஒழுங்கான சபையாகப் பதிவதற்கு அவர் வந்து பார்க்கவேணுமாம். அது தொடங்கின வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுப் புத்தகத்தில் சேர்க்கவேணுமாம். மணியக்கா எழுதிவைத்திருந்தாள். மண் ஒட்டின கையால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த இரண்டு சகோதரிகள் ஒரு குளிர்நாளில் இந்தக் கொட்டிலில் கடவுளுக்காக மௌனமாகக் காத்திருந்தார்கள் என்று அதில் இருந்தது. அவர்களுடைய ஒற்றுமையான மௌனம்தான் மற்ற எல்லாரையும் அழைத்தது என்றும், அன்பில் தொடங்கின சபை இது என்றும் இருந்தது.

றோஸ்மலருக்கு இங்கிலீஸ் பியற்றிசைவிடத் தெரியும். அவளுடைய உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பு இல்லை அது.

"இது சரிதானா?" என்று ஆஷ்பி கேட்டார். "பிழை இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பதிந்துவிடுவோம்."

அவர்களிடம் கை உயர்த்துகிற வழக்கம் கிடையாது. மறுப்பு வருகிறதா என்று காத்திருந்தார்கள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மௌனம் சம்மதம் என்று எங்கள் ஊரில் சொல்லுவோம். பேசாமல் இருந்தால் பதிந்துவிடுவார்கள், சபை நிலைக்கும், பாஸ்கு வரைக்கும் இன்னும் இரண்டு ஞாயிறு அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வாய் திறந்தால் அக்கா வெள்ளைக்காரர் முன்னால் மானம் போய் இப்பவே எழும்பிப் போய்விடுவாள். இதெல்லாம் பியற்றிசுக்கு வடிவாகத் தெரியும். ஆனாலும் ஒருதரம் பேசாமல் இருந்துதான் இந்த நிலைக்கு வந்தது என்பதும் தெரியும். எழும்பினாள்.

"பிழை," என்றாள் இங்கிலீசில். அவளிடம் இருந்த இங்கிலீஸ் பெட்டி, கத்தி, கெதியா, நாளைக்கு என்கிற அளவு. அதைக்கொண்டே சொன்னாள். "நாங்கள் செபம் இல்லை. நாங்கள் கோவம். அக்கா என்னோடு பேச்சு இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. எங்கள் அம்மா செத்தது. காயிதம் வந்தது எனக்கு. அக்கா வீட்டில் கலியாணம். நான் சொல்லவில்லை. பதினொரு நாள் ஒளித்தேன். அக்கா ஆடினா. நான் பார்த்தேன். அது பிழை. இந்தச் சபை என்னுடைய பொய்யில் தொடங்கினது. அதை எழுதுங்கோ."

மணியக்கா தாளை மடியில் வைத்தாள். ஆஷ்பி பேனையைத் திறந்தவர் திறந்தபடி இருந்தார்.

"பன்னிரண்டு."

தமிழில் வந்தது. மேசையின் அந்தத் தலையிலிருந்து வந்தது.

றோஸ்மலர் எழும்பி நின்றாள். மூன்றரை வருசத்தில் முதல்தரமாக நேரே முகத்தைப் பார்த்தாள். "பதினொண்டு இல்லை. பன்னிரண்டு. உண்மை சொல்ல வெளிக்கிட்டால் முழுக்கச் சொல்லு. சிவானந்தன் புதன்கிழமை கொண்டந்து தந்தவர். எனக்கு அவரே சொன்னவர். புதனில இருந்து எண்ணு."

"புதன் காயிதத்தை உடைக்கேல்லை," என்றாள் பியற்றிஸ். "பயமாக் கிடந்தது. வியாழன்தான் உடைச்சனான்."

"உடைக்காட்டி என்ன? கவரில அம்மாவின்ர கையெழுத்து இல்லையெண்டு கண்ட உடன உனக்கு விளங்கியிருக்கும்."

"ஓம். விளங்கினது."

"அப்ப பன்னிரண்டு."

"ஓம். பன்னிரண்டு."

வெள்ளைக்காரர் ஒரு சொல்லும் விளங்காமல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சட்டப்படி, சபையில் எழும்பிச் சொல்லுகிற சொல்லைக் குறுக்கிடக்கூடாது. எங்கள் சண்டைக்கு அப்படி மரியாதை கிடைத்தது அன்றைக்குத்தான்.

றோஸ்மலர் மேசை விளிம்பைப் பிடித்தாள். "காயிதத்தில என்ன இருந்தது?" என்று கேட்டாள். கேட்கும்போதும் குரலில் கோபம்தான் இருந்தது. "கடைசியா அம்மா ஆரைக் கேட்டவ?"

பியற்றிசுக்கு விளங்கிவிட்டது. மூன்றரை வருசமாக அக்கா மேல்மாடியில் எந்தக் கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தாள் என்று இப்போதுதான் விளங்கியது. உன்னைத்தான் கேட்டவ, றோசு எங்கை, றோசு வந்திட்டாளோ எண்டு கேட்டவ. இதைச் சொன்னால் போதும். அக்கா உடைந்து அழுவாள், கட்டிப்பிடிப்பாள், ரொறன்ரோவிலிருந்து மாதம் ஒருக்காலாவது ரெலிபோன் வரும். காயிதத்தை அக்கா இனி ஒருநாளும் வாசிக்கப்போவதில்லை. ஒரு சின்னப் பொய். நாக்கின் நுனிவரை வந்தது.

"உன்னைக் கேக்கேல்லை அக்கா," என்றாள். "என்னையும் கேக்கேல்லை. ஒருத்தரின்ர பேரும் சொல்லேல்லையாம். தண்ணி கேட்டவவாம்."

றோஸ்மலர் நின்றபடி நின்றாள். வெளியே போகப்போகிறாள் என்று பியற்றிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"குடுத்தவையோ?"

"தெரியாது. எழுதேல்லை."

வாசலில் யோகலிங்கம் அண்ணை வேலைக்கு நேரமாச்சென்று ஹோர்ன் அடித்தார். பிறகும் அடித்தார். றோஸ்மலர் மெதுவாகத் தன் பெட்டியில் குந்தினாள், பியற்றிசும் குந்தினாள், ஒருவரும் எழும்பவில்லை.